இரவுப் படம் ஏன் கெட்டது? புதிய கேமராவோடு பயணம் போகிறவர்களுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

புதிதாக வாங்கிய மிரர்லெஸ் கேமராவில் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் முதல் நூறு படங்கள் யாருக்கும் நன்றாகவே அமைந்துவிடும். அதே கேமராவோடு இரவு ஏழு மணிக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் முற்றத்தில் நின்று, விளக்கொளியில் பொன்னிறமாகத் தெரியும் 216 அடி விமானத்தை எடுக்க முயலும்போதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இவற்றில் பெரும்பாலானவை கேமராவின் பழுது அல்ல. ஒளி குறைந்த இடத்தில் கேமரா தானாக எடுக்கும் முடிவுகளும் நமக்கு வேண்டிய முடிவுகளும் வேறு வேறாக இருப்பதே காரணம். ஆகவே மெனுவுக்குள் நுழைந்து கண்டதையெல்லாம் மாற்றுவதற்கு முன், கெட்டுப்போன படத்தையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

விசாரணை இரண்டு படிகளில் முடியும். முதலில் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிறகு, அந்தப் படம் எடுக்கப்பட்டபோது இருந்த ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறியது), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வின் அளவு), லென்ஸின் குவியத் தூரம் (எவ்வளவு ஜூம் என்பது) ஆகிய நான்கையும் படத்தின் விவரத் திரையில் படித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டுமே மாற்றி மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் எது பிழை என்பது தெரியவரும். கீழே வரும் எண்கள் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவுச் சென்சாரும், கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும் கொண்ட கேமராவை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. முதல் கேமரா வாங்குகிறவர்களில் பலரிடம் இருப்பது அதுதான்.

படம் கலங்கலாக இருக்கிறது

எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல. பெரிதாக்கிப் பார்க்கும்போது, தொலைவிலுள்ள ஒவ்வொரு விளக்கும் ஒரே திசையில் சிறு கோடாகவோ கொக்கியாகவோ இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். கோபுரம் கூர்மையாக இருந்து, முன்னால் நடக்கும் மனிதர்கள் மட்டும் புகைபோலக் கரைந்திருந்தால் அது அவர்களின் அசைவு. எந்தத் திசையிலும் இழுபடாமல் விளக்குகள் வட்டமாக ஊதியிருந்து, அருகிலுள்ள தூணோ தொலைவிலுள்ள மரமோ மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், படத்தைப் பார்க்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டே போவதால் பயனில்லை.

கை நடுக்கத்துக்கான பழைய கணக்கு இன்றும் செல்லும். குவியத் தூரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஒன்றை அந்த எண்ணால் வகுத்து வரும் பின்னத்தை ஷட்டர் வேகமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது 18 மி.மீ.க்கு ஏறத்தாழ 1/30 விநாடி, 55 மி.மீ.க்கு 1/80 விநாடி. நடுக்கம் குறைக்கும் வசதி லென்ஸிலோ கேமராவிலோ இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவு அத்தனையும் நம் கையில் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். விளக்கொளி நன்றாக விழும் ஒரு கோபுரத்தை 18 மி.மீ.யில், எஃப் 3.5 அபர்ச்சரில், ஐ.எஸ்.ஓ. 3200இல் எடுத்தால் 1/40 விநாடி அளவில் கிடைக்கும். அது கையில் பிடித்து எடுக்கத் தக்க வேகமே.

புதியவர்கள் கவனிக்கத் தவறுவது ஜூம் செய்யும்போது நடக்கும் இரட்டை நட்டம். 55 மி.மீ.க்குப் போனதும் கிட் லென்ஸின் அபர்ச்சர் தானாகவே எஃப் 5.6 ஆகச் சுருங்குவதால் உள்ளே வரும் ஒளி ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. அதே வேளையில் தேவைப்படும் ஷட்டர் வேகமோ மூன்று மடங்காக உயர்கிறது. இரவில் ஜூம் வளையத்தைத் திருகுவதைவிட நாலு எட்டு முன்னால் நடந்து போவதே சிறந்த தொழில்நுட்பம் என்பது என் கருத்து.

ஆட்களின் அசைவை நிறுத்த நடுக்கம் குறைக்கும் வசதி உதவாது. நடந்து வருகிறவரைத் தெளிவாகப் பிடிக்க 1/125 விநாடியாவது வேண்டும். அதற்குக் கிட் லென்ஸ் போதாது என்றால், அவர் நின்று பேசும் தருணத்துக்காகக் காத்திருக்கலாம், அல்லது கரைந்துபோவதை ஏற்றுக்கொண்டு கோபுரத்தை மட்டும் கூர்மையாக எடுக்கலாம்.

முக்காலியில் வைத்தும் படம் கலங்குகிறது

இது என்னை அதிகம் அலைக்கழித்த பிழை. முக்காலியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 4 விநாடி என்று எல்லாம் சரியாக வைத்தும், முதல் பயணத்தின் முதல் இரவில் ஒரு படம்கூடத் தேறவில்லை. காரணம், பொத்தானை அழுத்தும் விரலே கேமராவை ஆட்டிவிடுகிறது. இரண்டு விநாடி செல்ஃப் டைமர் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு நான்கு இடங்களில் தேட வேண்டும். முக்காலியின் நடுத்தண்டு மேலே உயர்த்தப்பட்டிருந்தால் அது காற்றில் ஆடும். அதை இறக்கிவிட்டுக் கால்களை நீட்ட வேண்டும். கழுத்துப்பட்டை காற்றில் படபடத்தால் அதைச் சுருட்டிக் கட்ட வேண்டும். நடுக்கம் குறைக்கும் வசதி, குறிப்பாகப் பழைய லென்ஸ்களில், இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஒரு நடுக்கத்தை உண்டாக்கும் என்பதால் முக்காலியில் அதை அணைத்துவிட வேண்டும். கடற்கரை மணலில் அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கால்களுக்கு அடியில் மணல் அரித்துப் போகும். ஈரம் எட்டாத இடத்தில் நடுவது நல்லது.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள சின்னங்களில் முன் அனுமதி இல்லாமல் முக்காலியைப் பயன்படுத்த முடியாது என்பதையும் பயணத் திட்டத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும். வாசலில் நிற்கும் காவலரோடு வாதிட்டுப் பயனில்லை. அரைக் கிலோ பச்சைப்பயறு நிரப்பித் தைத்த ஒரு துணிப்பை இருந்தால் போதும். மதில்மேலோ படிக்கட்டிலோ அதை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி அமர்த்தி, செல்ஃப் டைமரில் ஒரு விநாடி வரை தெளிவாக எடுக்கலாம். பை இல்லாத அன்று தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்து வைத்தும் இதே வேலையைச் செய்திருக்கிறேன்.

பொத்தானை அழுத்தினாலும் படம் எடுபடவில்லை. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது

ஃபோகஸ் கிடைக்காதவரை ஷட்டரைத் திறக்காத வகையில்தான் பல கேமராக்கள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ஆட்டோஃபோகஸ் வேலை செய்ய ஒளியைவிட வேறுபாடு முக்கியம். கரிய வானத்தையோ ஒரே நிறச் சுவரையோ காட்டினால் அது பிடித்துக்கொள்ள விளிம்பு எதுவும் இல்லாமல் தவிக்கும். ஃபோகஸ் பகுதியை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, விளக்கின் விளிம்பு, பெயர்ப்பலகையின் எழுத்து, வானத்தைத் தொடும் கலசத்தின் ஓரம் என வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓர் இடத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினால் பெரும்பாலும் பிடித்துவிடும். கேமராவின் முன்புறம் எரியும் சிறு உதவி விளக்கு சில மீட்டர் தூரத்துக்குத்தான் உதவும். வழிபாட்டில் இருப்பவர்களின் முகத்தில் அது அடிப்பதால் அதை அணைத்து வைப்பதே மரியாதை.

அதற்கும் பிடிக்கவில்லை என்றால் மேனுவல் ஃபோகஸுக்கு மாறி, திரையில் காட்சியைப் பெரிதாக்கி, ஓர் ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியதாகுமோ அவ்வளவு சிறியதாகும் வரை வளையத்தை மெல்லத் திருக வேண்டும். வளையத்தைக் கடைசி வரை திருகினால் முடிவிலி (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ்) வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. இன்றைய பல லென்ஸ்கள் முடிவிலியையும் தாண்டிச் சுழலும். மிரர்லெஸ் கிட் லென்ஸ்களில் வளையம் மின்முறையில் மோட்டாரை இயக்குவதால், கேமராவை அணைத்து எழுப்பினால் முன்பு வைத்த ஃபோகஸ் கலைந்துபோகலாம். ஆகவே, இடைவெளிக்குப் பிறகு முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கிச் சரிபார்ப்பது அவசியம்.

வானம் சாம்பலாகவும் கோபுரம் வெளுத்தும் வருகிறது

கேமராவின் ஒளியளவி, தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே முயலும். படத்தின் முக்கால் பங்கு கருவானமாக இருந்தால், அந்தக் கருமையைச் சாம்பலாக்கும் முயற்சியில் கோபுரத்தின் சிற்பங்கள் வெள்ளைச் சுண்ணாம்புபோல வெந்துவிடும். படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று முதல் ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்தால் சரியாகும்.

திரையில் சரியாகத் தெரிந்த படம் வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் இருண்டு கிடக்கிறது என்ற புகாரும் இதோடு சேர்ந்ததே. கும்மிருட்டில் கண் பழகிய பிறகு கேமராத் திரை எதையும் பிரகாசமாகவே காட்டும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, முடிவை ஹிஸ்டோகிராமிடம் (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) விட்டுவிட வேண்டும். வலது ஓரத்தில் மேடு முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சமான பகுதிகளின் விவரம் போய்விட்டது என்று பொருள். இரவுப் படத்தில் விளக்குகள் மட்டும் முட்டுவதைத் தவிர்க்க முடியாது, அதில் குற்றமும் இல்லை.

நிலா வெள்ளைத் தட்டாக வருவதும் இதே பிழைதான். முழுநிலா சூரிய ஒளி நேரடியாக விழும் ஒரு பாறை உருண்டை என்பதால், அதற்குப் பகல் வெளிச்சத்தின் கணக்கே பொருந்தும், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 1/100 விநாடியில் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் 55 மி.மீ. லென்ஸ் சென்சாரில் விழச்செய்யும் நிலாவின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான், அதாவது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த நிலா படத்தில் பொட்டாகப் போனதற்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் மஞ்சளாக இருக்கிறது; அல்லது பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன

மஞ்சளுக்குக் காரணம் வொயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. குண்டு விளக்கின் நிறவெப்பம் 2700 கெல்வின் அளவிலும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளுடையது 4000 முதல் 6500 வரையிலும் இருக்க, ஒரே தெருவில் இரண்டும் கலந்து எரியும்போது ஆட்டோ அமைப்பு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு முடிவுக்கு வரும். கெல்வின் அமைப்பில் 3200 அல்லது 3500 என்று ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, படங்களை ரா (கேமரா திருத்தாத மூலப் பதிவு) வடிவத்திலும் சேர்த்துப் பதிவுசெய்தால் நிறத்தைப் பிறகு நிதானமாகத் திருத்தலாம். பழைய சோடியம் தெருவிளக்கின்கீழ் மட்டும் இந்தச் சிகிச்சை பலிப்பதில்லை. அதன் ஒளியில் மஞ்சளைத் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு என்பதால் அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே நல்லது. விளக்கின் பொன்னிறம் முழுவதையும் துடைத்தெடுத்து வெள்ளையாக்குவதும் ஒரு பிழைதான். பெரிய கோயில் இரவில் பொன்னிறமாகத் தெரிவதைப் பார்க்கத்தானே போனோம்.

குறுக்குப் பட்டைகள் வேறு நோய். இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால், அதில் நேரடியாக எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அதைவிட வேகமான ஷட்டரில், அதுவும் ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும்போது சில வரிகளுக்கு வெளிச்சமும் சில வரிகளுக்கு இருளும் கிடைக்கின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 விநாடியில் எடுத்தால் கோடுகள் மறையும். காணொளிக்கும் 1/50 வைக்க வேண்டும். மின்சாரம் 60 சுழற்சியாக உள்ள நாடுகளில் இது 1/60, 1/120 ஆக மாறும். ஜப்பான் செல்கிறவர்கள் டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60 என்று ஒரே நாட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். திருவிழாவின் சில அலங்கார எல்.இ.டி. சரங்கள் தமக்கென்று ஒரு வேகத்தில் மினுக்குவதால் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. அங்கே ஷட்டரை இன்னும் மெதுவாக்கிப் பார்ப்பதே வழி. ஓடும் ரயிலிலிருந்து எடுத்த மின்கம்பங்கள் சாய்ந்து தெரிந்தால் அதற்கும் எலெக்ட்ரானிக் ஷட்டரே காரணம்.

புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறது

படமெங்கும் மணல் தூவியதுபோல நாய்ஸ் இருந்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பார்ப்பதோடு படம் போதிய வெளிச்சத்தோடு எடுக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். நாய்ஸுக்குப் பயந்து ஐ.எஸ்.ஓ. 800இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கி நிறுத்துவதைவிட, 3200இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வைத்திருப்பவர்கள் அதன் மேல்வரம்பை 6400 என்று கட்டிவைக்கலாம்.

பல விநாடிகள் எடுத்த படங்களில் மட்டும் சிவப்பு, நீலம், வெள்ளை எனத் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அவை சூடேறிய பிக்சல்கள். அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் அசையாமல் நின்றால் அது பிக்சல். இடம் மாறினால் நட்சத்திரம். மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை இயக்கினால், படம் எடுத்த உடனே கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே கால அளவுக்கு இன்னொரு கரும்படம் எடுத்து, அதில் உள்ள புள்ளிகளைக் கழித்துவிடும். 30 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 விநாடி கேமரா எதற்கும் அசையாமல் நிற்பது இதனால்தான். தொங்கிவிட்டது என்று எண்ணிப் பேட்டரியைக் கழற்றிவிடக் கூடாது.

நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன

பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சுழல்வதால், முக்காலி எவ்வளவு உறுதியாக நின்றாலும் நட்சத்திரம் நகரும். 500ஐக் குவியத் தூரத்தின் ஒன்றரை மடங்கால் வகுத்தால் கிடைப்பது அதிகபட்ச விநாடி, 18 மி.மீ.க்கு அது 18. இந்தக் கணக்கு ஃபிலிம் காலத்துத் தாராளம் கொண்டது. 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் 12 விநாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 3.5 என்று தொடங்கலாம். இரவு வானத்தில் ஆர்வம் நிலைத்துவிட்டால் அடுத்து வாங்க வேண்டியது எஃப் 2 அளவிலான அகலக் கோண லென்ஸ். அது மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும்.

வானமே இருட்டாக இல்லாத இடத்தில் எந்த லென்ஸும் பால்வீதியைக் காட்டாது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையின் காவலூரில் அமைந்திருப்பது நகர வெளிச்சத்திலிருந்து விலகி இருப்பதற்காகவும்தான். அமாவாசையை ஒட்டிய நாட்களில், மார்ச், ஏப்ரல் மாதங்களின் விடியலுக்கு முந்தைய மணிகளில் தென்கிழக்கே தனுசு, விருச்சிக ராசிகளின் பக்கம் திருப்பினால் பால்வீதியின் நடுப்பகுதி கிடைக்கும்.

விளக்குகளின் எதிர்ப்புறம் பச்சைப் பேய் ஒளி தெரிகிறது

லென்ஸைப் பாதுகாக்க என்று கடையில் மாட்டிக் கொடுத்த மலிவான யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

படம் முழுவதும் பனிமூட்டம்போல இருக்கிறது

ராமேசுவரத்தில் ஏ.சி. அறையிலிருந்து விடியற்காலையில் கேமராவை எடுத்துக்கொண்டு நேராகப் பாம்பன் பாலத்துக்குப் போனேன். சூரியன் எழுந்த இருபது நிமிடமும் லென்ஸ் கண்ணாடியில் நீர் பூத்தே இருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரையின் ஈரக்காற்று படும்போது இது நடந்தே தீரும். துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார்மேலும் படியும். அறையை விட்டுக் கிளம்ப அரை மணிக்கு முன்பே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் மூடி வெளியே வைத்துவிட்டால், நீர் பையின்மேல் பூக்குமே தவிரக் கண்ணாடியில் பூக்காது.

ஊர் திரும்பிய பின்னும் ஈரத்தை மறக்கக் கூடாது. தோல் பையில் மூடி அலமாரியில் மாதக்கணக்கில் வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்வது நம் கடலோர ஊர்களில் வழக்கமான கதை. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி ஒரு சிறு அளவியைக் கொண்டு கவனித்தால் போதும். அரிசி டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் மாவுத்தூள் வளையங்களுக்குள் புகுந்துவிடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. கார்டு பிழை காட்டுகிறது

மிரர்லெஸ் கேமராவின் திரை எப்போதும் எரிந்துகொண்டிருப்பதாலும் நீண்ட எக்ஸ்போஷர்கள் மின்சாரத்தைத் தின்பதாலும் இரவில் பேட்டரி சீக்கிரம் தீர்வது இயல்பு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் சீக்கிரம் தீரும். உபரி பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடல் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

கார்டில் எழுத முடியவில்லை என்று காட்டினால் முதலில் அதன் இடப்பக்கத்துச் சிறு பூட்டைப் பாருங்கள். பூட்டு திறந்திருந்தும் பிழை தொடர்ந்தால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காமலும் ஃபார்மட் செய்யாமலும் தனியே எடுத்துவைத்துவிட்டு, வேறு கார்டில் பயணத்தைத் தொடர வேண்டும். மேலே எழுதப்படாதவரை பழைய படங்களை மீட்க வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், நல்ல வெயிலில் ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று, எஃப் 8, 1/500 விநாடியில், கேமராவை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பிடித்து எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் படத்தின் அதே பக்கம் மங்கியிருந்தால் அது உங்கள் கையின் பிழையோ இரவின் பிழையோ அல்ல. லென்ஸின் கண்ணாடி ஒன்று அச்சிலிருந்து விலகியிருக்கலாம். வாரண்டிக் காலம் முடிவதற்குள் அந்த இரண்டு படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.